பழைய லாரிக்கு மின்விசிறி: மலையேறுமுன் அறிய வேண்டியவை

மலைமேல் வாழும் அங்கத்தினர்களுக்குச் சாலை என்பது வெறும் பயண வழியன்று. அதுவே அவர்களுடைய சந்தையின் வாயில். கொல்லிமலையின் தேவனூர் நாட்டில் விளையும் பொருள் எதுவாயினும் மலையிறங்கினாலன்றிப் பணமாவதில்லை. அவ்வாறே உர மூட்டையும் அரிசியும் சிமெண்டும் கீழிருந்து மேலேறினாலன்றி அடுத்த போகத்திற்கோ அன்றாட வாழ்வுக்கோ வழியில்லை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இவ்வளைவுகளில் சுமையுடன் ஏறும் பழைய லாரியின் ரேடியேட்டர் கொதிப்பது நம்மவர் பலர் கண்ட காட்சியே. அதற்குப் பரிகாரமாக எஞ்சின் விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறி பொருத்தும் வழக்கம் பரவி வருகிறது. அது நல்லதா, எந்த வண்டிக்கு ஏற்றது, அதற்குரிய மின் இணைப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். சமவெளியில் நூல் மூட்டையும் நெய்த துணியும் சுமக்கும் நெசவாளர் சங்கத்து வண்டிக்கும் இவ்விதிகள் பொருந்தும்.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. நாம் அறிந்த சிறு லாரி ஒன்றுக்கு ஒரு பட்டறையில் எஞ்சின் விசிறியை எடுத்துவிட்டு, கார் ஒன்றிலிருந்து கழற்றிய மின்விசிறியைப் பொருத்தினார்கள். விளக்குக்கு இடும் மெல்லிய ஒயரே அதற்கும் இடப்பட்டது. பியூஸ் இல்லை, ரிலே இல்லை, டிரைவர் முன்னுள்ள சிறு சுவிட்சின் வழியாகவே முழு மின்சாரமும் ஓடிற்று. சமவெளியில் இரண்டு வாரம் குறையின்றி ஓடிய அவ்வண்டி, உர மூட்டைகளுடன் மலையேறிய அன்று பாதி வழியில் புகையத் தொடங்கியது. டிரைவர் விரைந்து பேட்டரி இணைப்பைப் பிடுங்கியதால் வண்டி எரியாமல் தப்பிற்று. ஒயரின் மேலுறை இளகி, செம்பு தகரத்தில் பட்டிருந்தது. ஆனால் நட்டம் அத்துடன் நிற்கவில்லை. அவ்வண்டியின் வரவை நம்பி மேலே மரவள்ளிக் கிழங்கு தோண்டிக் குவித்திருந்தார்கள். தோண்டிய இரண்டு மூன்று நாட்களிலேயே கிழங்கினுள் கருநீலக் கோடுகள் ஓடத் தொடங்கும். ஜவ்வரிசி ஆலைக்காரர் விலையைக் குறைப்பார். சில நூறு ரூபாய் ஒயரில் செய்த சிக்கனத்தின் பலனைப் பல குடும்பங்கள் சேர்ந்து அனுபவிக்க நேர்ந்தது.

எஞ்சின் ஏன் இவ்வளவு சூடேறுகிறது?

அடிவாரத்திலிருந்து மலைமேல் செல்லும் வண்டி ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம் ஏறுகிறதென்று வைத்துக்கொள்வோம். வண்டியும் சுமையும் சேர்ந்து 5 டன் எனில், அதனை அவ்வளவு உயரத்திற்குத் தூக்க மட்டும் சுமார் 13½ யூனிட் சக்தி வேண்டும். டீசலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறும். மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே போகும். இன்னொரு பங்கை ரேடியேட்டர் தண்ணீர் சுமந்து வெளியேற்ற வேண்டும். ஆகவே ஒரு மணி நேரத்தில் மலையேறும் வண்டியின் ரேடியேட்டர், ஆயிரம் வாட் மின்னடுப்புகள் பதின்மூன்று இடைவிடாமல் எரிந்தால் எழும் சூட்டைக் காற்றில் கலக்க வேண்டியிருக்கிறது. வண்டியோ ஆள் ஓடும் வேகத்தில்தான் செல்கிறது. எதிர்க்காற்று இல்லை, விசிறி இழுக்கும் காற்றே கதி.

மலையின் உயரமும் இங்கு எதிராக நிற்கிறது. கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், 1000 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 97 பாகையிலேயே கொதித்துவிடும். இதைத் தடுப்பது ரேடியேட்டரின் அழுத்த மூடி. சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி நல்ல நிலையிலிருந்தால் கொதிநிலை பத்துப் பாகைக்கு மேல் உயரும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். எத்தனை விசிறி வைத்தும் பயனில்லை.

ஆதலால் விசிறி வாங்கக் கடைக்குச் செல்லுமுன், மூடி, விசிறிப் பெல்ட்டின் இறுக்கம், தெர்மோஸ்டாட், ஹோஸ் குழாய்கள், ரேடியேட்டரின் உட்புறத்துக் கசடு, வெளிப்புறத்தில் அடைத்திருக்கும் சேறும் பூச்சியும் ஆகியவற்றை ஆராய்க. சூடேறும் பழைய வண்டிகள் பலவற்றின் நோய் இவற்றிலேயே அடங்கியிருக்கும். அடைபட்ட ரேடியேட்டருக்கு விசிறி மாற்றுவது, தூர்ந்த கிணற்றுக்குப் புது மோட்டார் வைப்பதற்கு ஒப்பாகும்.

எந்த வண்டிக்கு ஏற்றது?

எஞ்சினோடு சுழலும் விசிறியை அற்பமாக எண்ணுதல் கூடாது. தாழ்ந்த கியரில் ஏறும்போது வண்டி மெதுவாகச் சென்றாலும் எஞ்சின் வேகமாகவே சுழல்கிறது. அதனுடன் விசிறியும் வேகமாகச் சுழன்று காற்றை இழுக்கிறது. பெரிய லாரியின் விசிறி அவ்வேளையில் எஞ்சினிடமிருந்து பல ஆயிரம் வாட் சக்தியை வாங்கிக்கொள்கிறது. கடையில் கிடைக்கும் மின்விசிறியோ 200 அல்லது 300 வாட் அளவினதே. ஆகவே பாரமேற்றும் பெரிய லாரியில் எஞ்சின் விசிறியைக் கழற்றுவது தவறு என்பதே எமது துணிபு.

மின்விசிறியின் நன்மை வேறிடத்தில் இருக்கிறது. வளைவில் எதிர்வண்டிக்கு வழிவிட்டு நிற்கும்போது எஞ்சின் மெல்லச் சுழலும். எஞ்சின் விசிறியும் தளர்ந்துவிடும். உள்ளே தேங்கிய சூடு மட்டும் மேலெழும். அவ்வேளையில் எஞ்சினின் வேகத்தைச் சாராது முழு வேகத்தில் சுழலுவது மின்விசிறி. ஆகவே 1986ஆம் ஆண்டு அறிமுகமான டாடா 407 போன்ற சிறு லாரிகளிலும் பழைய ஜீப், வேன் முதலியவற்றிலும், எஞ்சின் விசிறியை அப்படியே வைத்துக்கொண்டு, ரேடியேட்டரின் முன்புறம் ஒரு மின்விசிறியைத் துணையாகச் சேர்ப்பதே மலை வழிக்குப் பாதுகாப்பான முறை. எஞ்சின் விசிறியை எடுத்தே தீரவேண்டும் என்ற நிலை இலேசான வண்டிகளில் வந்தால், ரேடியேட்டர் பரப்பு முழுவதற்கும் காற்று இழுக்கும்படி சுற்றுக் கூடுடன் பின்புறம் பொருத்த வேண்டும். பல எஞ்சின்களில் விசிறி தண்ணீர்ப் பம்பின் முகப்பிலேயே இருக்கிறது. விசிறியை எடுக்கலாமேயன்றிப் பம்பைச் சுழற்றும் பெல்ட்டை எடுத்தல் ஆகாது.

ஒயரின் கணக்கு

இனி மின்சாரப் பகுதிக்கு வருவோம். 12 வோல்ட் வண்டியில் 240 வாட் விசிறி 20 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். சுழலத் தொடங்கும் கணத்தில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து இழுப்பது ஏறத்தாழ 9 ஆம்பியரே என்பதை நோக்கினால், இதன் அளவு விளங்கும்.

கிணற்றுத் தண்ணீர் வாய்க்காலில் ஓடுவதை நம் விவசாயிகள் அறிவார்கள். வாய்க்கால் குறுகினால் கடைமடைக்கு வேகம் போய்ச் சேராது, கரையும் உடையும். ஒயரும் அத்தகையதே. பேட்டரியிலிருந்து விசிறிக்குப் போகும் தூரமும் திரும்பும் தூரமும் சேர்ந்து 6 மீட்டர் எனக் கொள்வோம். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 20 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 2 வோல்ட் தொலைந்துவிடும். விசிறி தளர்ந்து சுழலும். தொலைந்த 2 வோல்ட் மாயமாய் மறைவதில்லை. 40 வாட் சூடாக ஒயரிலேயே தங்குகிறது. பல ஒயர்களோடு சேர்த்துக் கட்டிய கட்டினுள் அச்சூட்டுக்கு வெளியேற வழியில்லை. அதே தூரத்திற்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் இட்டால் இழப்பு ஏறத்தாழ அரை வோல்ட். 6 சதுர மில்லிமீட்டர் ஒயரில் மூன்றில் ஒரு வோல்ட். ஆகவே 20 ஆம்பியர் விசிறிக்கு 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்த ஒயர் இடுதல் கூடாது. தூரம் மிகுந்தால் 6 இடுக.

பியூஸும் ரிலேயும்

பியூஸ் விசிறியைக் காப்பதற்காக வைக்கப்படுவது என்று பலர் கருதுகின்றனர். அது காப்பது ஒயரை. ஒயர் எங்காவது தகரத்தில் உரசித் தோல் கிழிந்தால், பேட்டரி தன் வலிமை முழுவதையும் அவ்வழியே கொட்டும். பியூஸ் இருந்தால் ஒரு கணத்தில் அறுத்துவிடும். ஆதலால் அது பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் இருக்க வேண்டும். விசிறியின் அருகே வைத்தால், பேட்டரிக்கும் பியூஸுக்கும் இடைப்பட்ட ஒயர் காவலின்றி நிற்கும். 20 ஆம்பியர் விசிறிக்கு 30 ஆம்பியர் பியூஸ் போதும். அது போனால் காரணத்தைத் தேடுக. அதனிடத்தில் கம்பியைச் சுற்றி ஓட்டுவது வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

ரிலே என்பது யாது? பெரிய மதகை ஒரு சிறு கைப்பிடியால் திறப்பது போன்றது அது. டிரைவர் முன்னுள்ள சுவிட்சு வழியே ஓடுவது கால் ஆம்பியருக்கும் குறைந்த மின்சாரம். அது ரிலேயினுள் இருக்கும் காந்தத்தைத் தூண்டுகிறது. அக்காந்தம் 20 ஆம்பியர் ஓடும் பெருவழியைத் திறக்கிறது. இதனால் தடித்த ஒயர் டிரைவர் அறைக்குள் வரவேண்டியதில்லை, சுவிட்சும் கருகுவதில்லை. ரிலேயின் அடியில் 30, 87, 85, 86 என்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 30 மின்சாரம் வரும் வழி. 87 விசிறிக்குப் போகும் வழி. 85, 86 இரண்டும் காந்தச் சுருளின் முனைகள். 40 ஆம்பியர் தாங்கும் ரிலேயாகப் பார்த்து வாங்குக.

இணைக்கும் முறை

வேலை தொடங்குமுன் பேட்டரியின் எர்த் இணைப்பை முதலில் கழற்றுக. வேலை முடிந்தபின் அதையே கடைசியில் மாட்டுக. பின்வரும் வரிசையில் ஒயர்களைச் சேர்க்கலாம். இது எர்த்துடன் பேட்டரியின் மைனஸ் சேர்ந்த வண்டிகளுக்கு உரியது. மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பிளஸ் முனை எர்த்தாக இருக்கும். அதனை முதலில் பார்த்துக்கொள்க.

முதலாவது: பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து தடித்த ஒயர் பியூஸுக்கும், அங்கிருந்து ரிலேயின் 30க்கும் செல்லட்டும்.

இரண்டாவது: ரிலேயின் 87லிருந்து அதே தடிப்புள்ள ஒயர் விசிறியின் பிளஸ் முனைக்குச் செல்லட்டும்.

மூன்றாவது: விசிறியின் மைனஸ் ஒயரும் அதே தடிப்பில் இருக்க வேண்டும். அதனைப் பெயின்ட் சுரண்டிப் பளபளவென்று தேய்த்த சேசிஸ் இரும்பில், லக் வைத்து, போல்ட்டால் இறுக்குக. போகும் வழி அகலமாகவும் திரும்பும் வழி துருப்பிடித்தும் இருந்தால் பயனில்லை. மின்விசிறிக் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த எர்த்திலேயே பிறக்கின்றன.

நான்காவது: வண்டிச் சாவியைத் திருப்பினால் மட்டுமே மின்சாரம் வரும் ஒயரிலிருந்து, 5 ஆம்பியர் பியூஸ் வழியாக, ரிலேயின் 86க்கு மெல்லிய ஒயர் இடுக.

ஐந்தாவது: ரிலேயின் 85லிருந்து ரேடியேட்டரில் பொருத்திய வெப்பச் சுவிட்சுக்கும், அதிலிருந்து எர்த்துக்கும் ஒயர் இடுக. தண்ணீர் குறித்த சூட்டை அடைந்ததும் இது தானே விசிறியை ஓட்டும். தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டைவிட உயர்ந்த சூட்டில் இயங்கும் சுவிட்சாக இருத்தல் அவசியம். இல்லையேல் விசிறி ஓயாது ஓடும்.

ஆறாவது: அதே 85லிருந்து இன்னொரு மெல்லிய ஒயரை டிரைவர் முன்னுள்ள சுவிட்சு வழியாக எர்த்துக்குக் கொண்டுபோகலாம். வெப்பச் சுவிட்சு பழுதானாலும் டிரைவர் கையால் விசிறியை ஓட்ட இது உதவும். 87லிருந்து ஒரு சிறு விளக்கை இணைத்துவிட்டால், ரிலே திறந்து விசிறிக்கு மின்சாரம் போவதை டிரைவர் இருந்த இடத்திலிருந்தே அறியலாம்.

ஒயர்களை முறுக்கி டேப் சுற்றுவது நெடுநாள் நிற்காது. லக் வைத்து அழுத்தியே இணைக்க வேண்டும். தகரத்துளை வழியே ஒயர் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் இடுக. புகைக்குழாயிலிருந்து ஒயரை விலக்கிக் கட்டுக. விசிறியை ரேடியேட்டரின் நெஞ்சிலேயே பிளாஸ்டிக் கட்டுகளால் குத்திக் கட்டும் வழக்கம் கெடுதியானது. மலைச்சாலையின் அதிர்வில் குழாய்கள் அறுந்து தண்ணீர் கசியும். இரும்புச் சட்டம் செய்து, ரேடியேட்டரின் ஓரச் சட்டத்தில் பிடிக்க வேண்டும்.

24 வோல்ட் வண்டிகளுக்கு விசிறியும் ரிலேயும் 24 வோல்ட்டுக்கு உரியவையாகவே இருத்தல் வேண்டும். இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ஓட்டினால், ஒன்று காய்ந்தும் மற்றது மிகையாக நிரம்பியும் இரண்டுமே விரைவில் கெடும்.

ஆல்டர்னேட்டர் தாங்குமா?

செலவைக் கணக்கிடுவோர் வரவையும் கணக்கிட வேண்டும். இரவில் மழையில் மலையேறும்போது ஹெட்லைட்டுக்கு 9 ஆம்பியர், மற்ற விளக்குகளுக்கும் வைப்பருக்கும் 6 ஆம்பியர், விசிறிக்கு 20 ஆம்பியர். ஆக 35 ஆம்பியர். பழைய வண்டியின் ஆல்டர்னேட்டர் 35 ஆம்பியர் கொடுக்கும் என்று எழுதப்பட்டிருந்தாலும், அது எஞ்சின் வேகமாகச் சுழலும்போது மட்டுமே. நின்று மெல்லச் சுழலும்போது அதில் ஒரு பகுதியே கிடைக்கும். டைனமோ உள்ள வண்டியானால் நிலைமை இன்னும் மோசம். பற்றாக்குறையைப் பேட்டரி ஈடுகட்டும். மறுநாள் காலையில் வண்டி கிளம்பாது. வரவு போதாத வண்டிக்குச் சிறிய விசிறி வைப்பதோ, பெரிய ஆல்டர்னேட்டர் மாற்றுவதோ செய்ய வேண்டும். விசிறியைச் சாவியோடு இணைக்கச் சொன்னதும் இதனாலேயே. இரவு முழுதும் ஓடவிட்டால், 60 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று மணி நேரத்திற்குள் வறண்டுவிடும்.

சோதித்த பின்பே சுமை

வேலை முடிந்ததும் விசிறியை ஓட்டி, ரேடியேட்டரின் முன்புறம் ஒரு காகிதத்தைக் காட்டுக. காகிதம் ரேடியேட்டரை நோக்கி இழுக்கப்பட வேண்டும். வெளியே தள்ளப்பட்டால் விசிறி எதிர்த்திசையில் சுழல்கிறதென்பது பொருள். ஓடும் வண்டியின் காற்றோடு அது மல்லுக்கு நிற்கும். பின்பு விசிறி ஓடும்போதே பேட்டரி முனைகளிலும் விசிறி முனைகளிலும் மீட்டர் வைத்து வோல்ட்டை அளக்குக. வேறுபாடு ஏறத்தாழ அரை வோல்ட்டுக்கு மேற்பட்டால் எங்கோ ஓர் இணைப்பு குறைபாடுடையது. பதினைந்து நிமிடம் ஓட்டியபின் விசிறியை நிறுத்தி, ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பார்க்கவும். சுடும் இணைப்பே குற்றவாளி. முதல் பயணத்தை வெறும் வண்டியாகவே மேற்கொள்வது நலம்.

இவ்வளவு செய்தும் ஒருநாள் வழியில் சூட்டுமுள் மேலேறினால், வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை உடனே அணைக்காமல் மிதமான வேகத்தில் ஓடவிட்டு விசிறியையும் ஓட்டுக. தண்ணீர் வெளியே கொட்டிப் போயிருந்தால் மட்டும் உடனே அணைக்க வேண்டும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறப்பதும், சுடும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டுவதும் ஆளுக்கும் எஞ்சினுக்கும் கேடு. சாவி போட்டிருக்கையில் வெப்பச் சுவிட்சு எக்கணத்திலும் விசிறியைச் சுழற்றக்கூடும். கிளீனர் கையை அதன் அருகே கொண்டுபோகாதிருக்க வேண்டும்.

தனியொருவருடைய வண்டி நின்றால் அவர் ஒருவருக்கே நட்டம். பலருடைய விளைச்சலைச் சுமக்கும் வண்டி நின்றால் நட்டம் நாடெங்கும் பரவும். பாவில் ஓர் இழை மெலிந்தால் துணி முழுவதும் விலை குறைவதை நெசவாளர் அறிவார். வண்டியில் அந்த ஓர் இழை ஒயர். ஆகவே சங்கத்து வண்டிக்கு இவ்வேலையைச் செய்யக் கொடுக்கும்போது, விலை மட்டும் கேட்டு வராமல், ஒயரின் அளவு என்ன, பியூஸ் எங்கே, ரிலே உண்டா, எர்த் எவ்விடம் என்ற நான்கு கேள்விகளையும் கேட்டு, இணைப்புப் படம் ஒன்றை வரைந்து வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அந்நான்கிற்கும் தெளிவான விடை சொல்லும் பட்டறையில் வண்டியை விடலாம். விடை சொல்லாத இடத்தில் எவ்வளவு மலிவாக முடித்துக் கொடுத்தாலும் விடலாகாது.